மாரித்தாய் கேட்ட ஊசி

என் தங்கை மாரித்தாய் தேயிலைக் காட்டில் கொழுந்தெடுப்பவள். அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்ல, 1976இல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதினால் போதும்.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிரசவத்தில் கத்தாதவளுக்குத்தான் பேர். தலைத்துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பெற்றுவிட்டு வர வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு மாரித்தாய் தலைப்பிள்ளையை அப்படித்தான் பெற்றாள். கிழிந்த இடத்தை மலையாளத்து நர்ஸ் சிஸ்டர் அப்படியே தைத்தார். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. அந்தத் துண்டை நான்தான் துவைத்தேன். நடுவில் ஓட்டை விழுந்திருந்தது.

மறுநாள் பக்கத்துக் கட்டிலில் ஆபீஸ் கிளார்க்கின் மனைவிக்குப் பிரசவம். அதே சிஸ்டர் முதலில் ஒரு ஊசி போட்டு, சற்றுப் பொறுத்திருந்து, பிறகுதான் தைத்தார்.

“அது என்ன ஊசி சிஸ்டர்?” என்று கேட்டாள் தங்கை.

“மரத்துப்போகான்.”

“எனக்குப் போடலியே?”

“நீ மிண்டாம, சத்தம் போடாம கெடந்தல்லோ. நிங்க தமிழத்திகளுக்கு நல்ல கட்டியுள்ள ஒடம்பு. வேதனை அறியத்தில்ல.”

வீட்டுக்கு வந்தும் வெகுநாள் அவளால் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. பார்க்க வந்தவர்கள், “சத்தமே காட்டலியாமே” என்று மெச்சினார்கள்.

“அதனாலதான் பச்சையா தச்சாங்க” என்றாள். அது யாருக்கும் ரசிக்கவில்லை.

இரண்டாவது பிரசவத்துக்கு நான் துணைக்குப் போனேன். “அக்கா, இந்தவாட்டி துண்டு வேண்டாம்” என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். நன்றாகக் கத்தித்தான் பெற்றாள். வராந்தாவில் பக்கத்து வீட்டு அழகுத்தாய், “வீராப்புக்காரி இப்ப ஊரக் கூட்டுறா” என்று சிரித்தது உள்ளே வரை கேட்டது.

பெண் குழந்தை. சிஸ்டர் நூல் கோத்துக்கொண்டு வந்தார். மாரித்தாய் இரண்டு முழங்கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

“மரக்கிற ஊசி போட்டுட்டுத் தைங்க சிஸ்டர்.”

“காலு அகத்து. ரெண்டு தையலே உள்ளு.”

“ஒண்ணுன்னாலும் ஊசி போட்டுத்தான்.”

“ரத்தம் போகுது பெண்ணே.”

“தெரியுது. சீக்கிரம் எடுத்துட்டு வாங்க.”

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். “நீயெங்கிலும் ஒண்ணு பறயு.”

“போட்டுருங்க சிஸ்டர். அவ சொன்னா சொன்னதுதான்.”

அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

ஊசி போட்டுச் சற்று நேரம் கழித்து அவளே கால்களை விலக்கினாள். முதல் தையலுக்கு என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அடுத்ததில் பிடி தளர்ந்தது. பயந்துபோய் முகத்தைப் பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது.

நூலை வெட்டிவிட்டு சிஸ்டர் நிமிர்ந்தார். “உறங்கிப்போயோ?”

“ஆமா சிஸ்டர்” என்றேன். “வலிக்கலைல்ல.”