உள்ளங்கையில் பொரித்த பெயர்

வெள்ளாற்றுப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது வலது கட்டைவிரலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். புளியங்கொட்டையின் முதுகுபோல வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. சிதம்பரம் எனக்குப் பின்னால் இருந்தது. கோபுரம் இன்னும் தெரிகிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு ஜெபமாலை.

ஓர் ஊரை விட்டுக் கிளம்பினால் முதல் கொஞ்ச தூரம் நான் நடந்துதான் போவேன். உடனே பஸ் ஏறினால் ஊர் என்னை அனுப்பிவைத்ததுபோல இருக்கும். நடந்தால் நான் ஊரை விட்டுவிட்டு வந்ததாகும். இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

காலையில் நடந்தது இதுதான். புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சிமெண்ட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அதுவரை மேஸ்திரி முகத்தைப் பார்த்து ஆள் எடுப்பார். அன்றைக்குப் புதிதாக ஒரு மெஷினைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். விரல் வைத்தால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. வரிசையில் ஒவ்வொருவராக வைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது. நான் வைத்தால் சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வைத்தேன். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்தேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று.

மேற்பார்வை பார்க்க வந்திருந்த பையன் நல்ல மாதிரி. குரலை உயர்த்தவில்லை.

“அண்ணே, எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. இதுல ஏறலன்னா நீங்க வேலைக்கு வரலன்னு அர்த்தம்.”

“இங்கதான தம்பி நிக்கிறேன்?”

“நிக்கிறீங்க. ஆனா வரல.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கூடச் சுமை தூக்குகிற ஒருவன் சொன்னான்: “மாமா, உன்ன ஆண்டவன் அவசரத்துல செஞ்சிட்டான். கோடு போட மறந்துட்டான்.”

நானும் சிரித்தேன். செய்த வேலைக்கு உரியதைக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கெஞ்சி நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இது முதல் இடமும் இல்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒரு கம்பெனி வாசலிலும் இதே கதை நடந்தது. எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. மூட்டை தூக்க உடம்பில் பலம் இருக்கிறது. விரலைக் கேட்காத வேலை ஒன்று கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் நடப்பதே என் வேலையாகிவிடும். கடலூரில் அக்கா இருந்தாள். அவளிடம் போய்ச் சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்று நடந்தேன்.

என் விரலில் கோடு இல்லாமல் போன காரணம் எனக்குத் தெரியும். நானும் அக்காவும் அண்ணாகிராமம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைத்து வளர்ந்தவர்கள். வறுத்த கொட்டையை நிமிர்த்தி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தோடு பிளக்கும். உள்ளே பருப்பு, தோட்டுக்குள் எண்ணெய். அந்த எண்ணெய் பட்ட இடத்தில் தோல் கறுத்து உரியும். உரிந்த இடத்தில் புதுத் தோல் வரும், அதுவும் உரியும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவோம். சாம்பல் கொஞ்சம் காப்பாற்றும், முழுக்கக் காப்பாற்றாது. ஐந்தாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், அக்கா அதற்கும் முன்னால் விட்டாள். வீட்டில் உலை வைக்க வேண்டியிருந்தது, வைத்தோம். அக்கா தட்டினால் பருப்பு உடையாமல் முழுசாக விழும். அந்தக் கொட்டகையில் அவளுக்குச் சமமாகத் தட்ட ஆள் கிடையாது.

எங்கள் ஊர் வேதக்கோயில் சின்னது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். ஒரு தடவை பிரசங்கத்தில், கடவுள் எந்த மனிதனையும் மறப்பதில்லை, பெற்ற தாய் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார், நம் ஒவ்வொருவரையும் தம் உள்ளங்கையிலேயே பொறித்து வைத்திருக்கிறார் என்று சொன்னார். எங்கள் பக்கத்துப் பேச்சில் சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் வித்தியாசம் கிடையாது. எங்கள் காதில் அது பொரித்து என்று விழுந்தது. வடை பொரிக்கிறோமே, அந்தப் பொரி. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, கறுத்த தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: “கேட்டியாடா? ஆண்டவரும் கொட்ட வறுத்திருக்காரு.”

“அவரு எதுக்கு வறுக்கிறாரு?”

“பின்ன கையில எப்புடிப் பொரியும்? எண்ண தெறிச்சிருக்கும். ஒரு சொட்டுக்கு ஒரு ஆளு.”

எனக்கு அது முழுசாகப் புரிந்தது. ஞானோபதேச வகுப்பில் ஒரு படம் காட்டியிருந்தார்கள். வானத்தில் தூதர் ஒருவர் பெரிய புத்தகத்தை விரித்து, மனிதர்கள் செய்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் படம் என் மனதில் ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸில் என் பெயரை அடித்த சிவப்பு மையை நான் கண்ணால் பார்த்தவன். எழுதினது எதையும் அடித்துவிடலாம். கையில் பட்ட சூடு அப்படியா? எங்கள் கைகளில் இருந்த ஒவ்வொரு தழும்பையும் எங்களுக்குத் தனித்தனியாகத் தெரியும். இது பொங்கலுக்கு முந்தின வாரம் பட்டது, இது மழை பெய்து கொட்டகை ஒழுகின அன்றைக்குப் பட்டது என்று அக்கா சொல்லுவாள். கடவுளும் அப்படித்தான் தம் கையைப் பார்த்து எங்களைச் சொல்லுவார் என்று எடுத்துக்கொண்டோம். அவர் எங்கள் சாதிசனம்போல ஆகிவிட்டார். கொட்டகையில் யாராவது கையை உதறினால், “பொறு, ஆண்டவரு உன்ன இப்பத்தான் பொரிக்கிறாரு” என்பாள் அக்கா.

பல வருடங்கள் கழித்து, சேத்தியாத்தோப்பில் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு கோயில் சுவரில் அதே வசனம் பெயிண்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவன் நான், அதனால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பேன். அதில் பெரிய ற இருந்தது. எழுதினவன் தப்பு விட்டுவிட்டான் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற ஒரு டீச்சரம்மாவிடம் கேட்டேன். கல்லில் எழுத்து வெட்டுவதுபோல வெட்டுவது, அதுதான் பொறிப்பது என்றார்கள். ஏதோ என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது. கடைசியில் கடவுளும் எழுத்துக்காரர்தானா என்று நினைத்தேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. எப்போது போனாலும் வேறு பேச்சு வந்துவிடும், அல்லது நான் கிளம்பிவிடுவேன்.

பாலம் தாண்டி வெகுதூரம் நடந்து, புதுச்சத்திரத்தில் பஸ் ஏறினேன். கடலூர் முதுநகரில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அக்கா வீட்டுக்கு முன்னால் செவந்திப்பூ குவியலாகக் கிடந்தது. கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டதால் கல்லறைக்குப் போட மாலை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவில்லை, நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள்.

“எந்த ஊரு முடிஞ்சிச்சி?”

“சிதம்பரம்.”

“சண்டையா?”

“வெரலு எடுக்கல.”

அவள் சிரித்த சிரிப்பில் பூ உருண்டது. “எனக்குந்தான் எடுக்கல. ரேஷன் கடையில வெச்சி வெச்சி எடுத்து, அந்தப் புள்ளைக்கே வெறுத்துப்போச்சி. அம்மா நீங்க உண்மையிலியே இருக்கீங்களான்னு கேக்குறான். நீ தொட்டுப் பாருடான்னேன்.”

மாமா துறைமுகத்தில் மீன் கூடை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கால் கழுவிக்கொண்டே, “அக்காளும் தம்பியும் சேந்து ஒரு திருட்டு பண்ணுங்க மச்சான், போலீஸால ஒண்ணும் புடிக்க முடியாது” என்றார்.

குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும், இவ்வளவு நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அன்றைக்குப் பிரசங்கத்தில் சாமியார் சொன்னது சின்ன ர இல்லை, பெரிய ற. பொரிக்கவில்லை, எழுத்து வெட்டுவதுபோல வெட்டியிருக்கிறார். நம்ம கையும் அவர் கையும் ஒன்றில்லை.

அக்கா மாலையைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு பூவை வைத்து முடிச்சுப் போட்டபடியே கேட்டாள்:

“அவரு கையில ஆணி அடிச்சாங்களா இல்லியா?”

“அடிச்சாங்க.”

“ஆணி அடிச்ச கையில எங்கடா ஒழுங்கா எழுத்து நிக்கும்? தழும்புதான் நிக்கும். நீ எந்த ர வேணா போட்டுக்க. அந்தக் கையக் கொண்டுபோயி எங்க ரேஷன் கடையில வெச்சாலும் செவப்பு லைட்டுதான் எரியும்.”

மாமா சத்தம் போட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தில் பார்த்த அதே விரல்தான். ஆனால் அதை இனி யாரிடமும் மறைக்கவேண்டியதில்லை என்று தோன்றியது. எத்தனையோ ஊரில் இந்தக் கையால் சுமந்திருக்கிறேன், வெட்டியிருக்கிறேன், ஏற்றியிருக்கிறேன். எந்த ஊரிலும் என் பெயர் கிடையாது. அவ்வளவையும் பார்த்து வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் கையும் எங்கள் கை மாதிரிதான். இதைச் சொன்னது சாமியார் இல்லை, டீச்சரம்மா இல்லை, என் அக்கா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“இங்கியே கெட” என்றாள் அக்கா. “ஒரு வேல கெடச்சா இருப்பியா?”

“வெரலு கேக்காம இருந்தா இருப்பேன்.”

மாமா யோசித்தார். “கல்லறைத் தோட்டத்துக்குப் போற வழியில கல்லறைக் கல்லு வெட்டுற கட இருக்கு மச்சான். திருநாளுக்குள்ள முடிக்கணும்னு ஏகப்பட்ட வேல கெடக்குதாம், கடக்காரரு ஆளு தேடுறாரு. ஆனா எழுதப் படிக்கத் தெரியணும்ன்றாரு.”

“அஞ்சாவது போதாதா?”

“அத நீயே போயிக் கேளு.”

மறுநாள் காலையில் போனேன். தகரக் கொட்டகை, முன்னால் சிலுவைகளும் கறுப்புக் கல் பலகைகளும் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். மாமா பெயரைச் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தார்.

“மெஷின் எழுத்த வெட்டிடும். அதுல தூசு எடுத்து வெள்ள பெயிண்ட் ரொப்பணும். சின்னக் கல்லுன்னா பென்சில்ல நீயே எழுதி வெக்கணும், அது மேல வெட்டுவேன். எனக்கு சிலுவையும் ஒண்ணுதான், நந்தியும் ஒண்ணுதான். எழுத்து மட்டும் தப்பக்கூடாது. எழுதுவியா?”

“எழுதுவேன்.”

ஒரு உடைந்த பலகைத் துண்டையும் பென்சிலையும் கொடுத்தார். “இறப்புன்னு போடு.”

நான் பென்சிலை வைப்பதற்கு முன்னால் கேட்டேன்: “பெரிய றவா, சின்ன ரவா?”

டீ கிளாஸைக் கீழே வைத்தார். “இதக் கேட்ட பாரு, போதும். போன வாரம் ஒருத்தன் கேக்காமலே சின்ன ர போட்டுட்டான். இரப்புன்னா பிச்ச எடுக்கிறது. மகராசரு, ஊருக்கே சோறு போட்டவரு, அவரு கல்லுல பிச்சன்னு போட்டா புள்ளைங்க சும்மா வுடுவாங்களா? கொட்டகையில வந்து நின்னுட்டாங்க.”

“பெரிய றதான?”

“பெரிய றதான். மேல இருக்கிற பிறப்புக்கும் அதேதான்.”

உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சுவரைச் சுற்றிப் பார்த்தேன்.

“வெரலு வெக்கிற மெஷின் இருக்கா?”

“எதுக்கு? நீ வந்தா தெரியாதா எனக்கு?”

ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் கொடுத்தது ஒரு அம்மாவின் கல். அவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை, அது வேண்டியவருக்குத் தெரியும். வெட்டின எழுத்துக்குள் கல்மாவு அடைத்திருந்தது. பிரஷ் போகாத மூலைகளில் கட்டைவிரலை விட்டுத் துடைத்தேன். வழவழப்பான விரல், எங்கும் சிக்காமல் பள்ளத்துக்குள் ஓடியது. பெயரை முடித்துவிட்டுப் பிறப்புக்கு வந்தேன். பி முடிந்தது. பிரஷை டப்பாவில் தொட்டு, விளிம்பில் வழித்து, பெரிய றவின் முதல் வளைவில் வைத்தேன்.