ஜன்னலக்காவும் கண்டக்டரின் இடது காலும்

தன் வாழ்நாளில் ஜன்னலக்கா திறந்து வைத்தது ஒன்றே ஒன்றுதான்: அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல். கட்டடம், கண்காட்சி, நீச்சல்குளம் என்று திறந்து வைத்தவர்களுக்கெல்லாம் ஊரில் கல்வெட்டு இருக்கிறது. அவர்கள் ஒரு தடவை திறந்துவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு, காரில் ஏறிப் போனவர்கள். அக்கா திறந்தது தினமும், காலை ஐந்தரை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை உட்பட. ஆகவே அவருக்கும் முறைப்படி ஒரு வரலாறு எழுதப்படுவதே நியாயம்.

இருபது வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார். முன்பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. அதற்குப் பின்னால் படுக்கையறை, அதற்கும் பின்னால் சமையலறை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர்மேலே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துக்குப் போகும் சந்து. வந்த மறுநாள் காலை, அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பு, அக்கா ஜன்னலைத் திறந்தார். தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக் கடவுளிடம் பேசத் தொடங்கினார். மனதுக்குள் அல்ல, மளிகைக்கடைக்காரரிடம் சாமான் சொல்வதுபோல, தணிந்த குரலில், ஒவ்வொன்றாக.

"வாய்விட்டுத்தான் சொல்லணுமா?" என்று மாமியார் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "மனசுக்குள்ள சொன்னா எனக்கே பாதி புரியாது அத்தை. அவருக்கு எப்படிப் புரியும்?"

அன்றைய பட்டியலில் பதினோரு பேர். அம்மாவின் முதுகு, அப்பாவின் கோபம், மாமனாரின் இருமல் என்று எல்லாம் வீட்டு விவகாரம். இரண்டாவது வருஷம், முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த தையல்காரி அந்தக் குரலைக் கேட்டு நின்றாள்.

"அக்கா, என்னையும் சேர்த்துக்கோங்க. ஏழாவது மாசம். நல்லபடியா பொறக்கணும்."

"சேர்த்தாச்சு. நீ பஸ்ஸ விட்டுடாத."

அதோடு வீட்டு விவகாரம் ஊர் விவகாரமாகிவிட்டது. மறுவாரம் தபால்காரர் வந்து தன் மகனுக்குக் கணக்கு ஏற வேண்டும் என்றார். ரொட்டிக்கடைக்காரர் தன் மனைவியின் தூக்கத்துக்காக வந்தார். படிக்கட்டிலிருந்து விழுந்து இடது காலை ஒடித்துக்கொண்ட பஸ் கண்டக்டரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிவந்து ஜன்னலில் காட்டினார்கள். 'ஜன்னலக்கா' என்ற பட்டம் அவருக்கு இருபத்திரண்டு வயதிலேயே கிடைத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் இவ்வளவு சீக்கிரம் கொடுப்பதில்லை.

அந்தப் பட்டியலுக்குச் சட்டங்கள் உண்டு. கேட்டவர் கேட்டபடியேதான் சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. எழுதி வைக்கக் கூடாது. சாமான் சீட்டை வாசிக்கிற மாதிரி கடவுளிடம் வாசிப்பது மரியாதை இல்லை. மூன்றாவதுதான் பயங்கரமான சட்டம்: ஒரு தடவை ஏறியவரை இறக்கவே கூடாது.

கண்டக்டரின் கால் ஆறு வாரத்தில் கூடிவிட்டது. அவர் மறுபடி பஸ்ஸில் தொங்கினார், ஓய்வு பெற்றார், பேத்தியின் பள்ளிக்கூட விழாவில் மேடையேறி ஆடினார். கால் மட்டும் பட்டியலைவிட்டு இறங்கவில்லை. "ஆறினது ஆறினபடியே இருக்கணும்ல? பாத்துக்க ஆள் வேண்டாமா?" என்பது அக்காவின் வாதம். தையல்காரியின் குழந்தை நல்லபடியாகவே பிறந்து, வளர்ந்து, படித்து, பாங்க் மேனேஜராகி, தலை முழுக்க வழுக்கையும் ஆகிவிட்டார். ஆனால் தினமும் காலை ஐந்தரை தாண்டியதுமே அவர் இன்னும் நல்லபடியாகப் பிறந்தாக வேண்டியிருந்தது.

இறந்துபோனவர்களையாவது நீக்கலாமே என்று ரொட்டிக்கடைக்காரர் ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று யோசனை சொன்னார்.

"போன எடத்துல முதுகு வலிக்காதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?" என்றார் அக்கா. ரொட்டிக்கடைக்காரரிடம் தகவல் எதுவும் இல்லாததால் அவர் ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வேண்டுதலோடு அக்கா நின்றுவிடவில்லை என்பதையும் வரலாறு பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தை மேலே அனுப்பிவிட்டு, கீழே அந்த வேலையைத் தானே பார்த்துவிடுவார். தையல்காரிக்கு வலி கண்டபோது கூட இருந்தவர் அவர்தான். தபால்காரர் மகனை வாரம் மூன்று நாள் சமையலறையில் உட்கார வைத்துப் பெருக்கல் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். கண்டக்டர் வீட்டுக்கு ஆறு வாரமும் தினம் மத்தியானம் தூக்குப் பாத்திரத்தில் சூப் போனது. உப்பு என்பதில் அக்காவுக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. அந்த சூப்பிலிருந்து தப்பிக்கத்தான் கால் அவ்வளவு வேகமாகக் கூடியது என்று சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் அக்காவின் கணவர்.

கடிகாரக்காரர் என்றுதான் ஊர் அவரை அறியும். கடிகாரத்தைத் திறக்கும் முன்பு காதில் வைத்துக் கேட்பார். கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். காதில் கேட்பதையும் லென்ஸில் தெரிவதையும் தவிர வேறெதையும் நம்பாதவர். கல்யாணமான முதல் மாதமே மனைவியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ஊருக்கெல்லாம் கேளு. எனக்காக மட்டும் யார்கிட்டயும் கையேந்தாத. என் ரிப்பேர நான் பாத்துப்பேன்."

"சரிங்க" என்றார் அக்கா.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அக்கா கொஞ்சம் ஆபத்தானவர். சந்து முனையிலிருந்த போட்டிக் கடிகாரக் கடைக்காரரின் வயிற்றுவலிகூடப் பட்டியலில் ஏறிற்று, கடிகாரக்காரர் ஏறவில்லை. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. "அது அரசாங்க ஆபீஸ். மனு வாங்குவாங்க, ஃபைல் மட்டும் முடியவே முடியாது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். காலையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருப்பதாகவும், ஒரு எழுத்துகூடத் தன் காதில் விழுவதில்லை என்றும் சேர்த்துச் சொல்வார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதில் நிமோனியா வந்தது. மூச்சு, பழைய சுவர்க் கடிகாரம் மாதிரி இழுத்து இழுத்து அடித்தது. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அழுதுகொண்டே சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, அப்பாவையும் லிஸ்ட்ல சேர்த்துக்கோம்மா."

"அவர் வேணாம்னுட்டாரு. நான் சரின்னு சொல்லிட்டேன்."

"அப்ப அப்பாவுக்காக யாரு கேப்பா?"

மறுநாள் காலை பட்டியலில் திடீரென்று ஒன்பது பேர் கூடியிருந்தார்கள். டாக்டருக்கு ராத்திரி நல்ல தூக்கம் வர வேண்டும், காலையில் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். ஊசி போடும் நர்ஸின் கை நடுங்கக் கூடாது. மருந்துக்கடைக்காரர் சீட்டைச் சரியாகப் படிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிறவருக்கு வழியெல்லாம் பச்சை விளக்கு விழ வேண்டும். படுக்கையறை ஜன்னல் வழியாக வரும் காற்று ஈரமில்லாமல் வர வேண்டும். கட்டிலைச் செய்த தச்சருக்குக்கூட ஏதோ கேட்கப்பட்டது. கடிகாரக்காரரின் பெயர் மட்டும் எங்கேயும் வரவில்லை. அவரைச் சுற்றி ஒரு மதிலே எழும்பியிருந்தது; அதில் அவருக்கென்று ஒரு செங்கல்கூட இல்லை. சட்டத்தை மீறாமல் சட்டத்துக்கு வெளியே நடப்பதில் பெரிய வக்கீல்களும் அக்காவிடம் பாடம் கேட்கலாம்.

கடிகாரக்காரர் பிழைத்தார். "மருந்து நல்ல மருந்து" என்று மட்டும் சொன்னார். அந்த ஒன்பது பேரும், சட்டப்படி, பட்டியலிலேயே தங்கிவிட்டார்கள்.

இப்படியே போனது. மகள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சரானாள். பதினோரு பேர் நூற்று அறுபத்து மூன்று பேரானார்கள். முடிக்க நாற்பது நிமிஷம் பிடித்தது. கடிகாரக்காரர் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். இடது காது மந்தமாகிவிட்டதால், பழக்கதோஷத்தில் யாராவது கொண்டுவரும் கடிகாரத்தை வலது காதில் வைத்துப் பார்ப்பார்.

எழுபத்தெட்டாவது வயதில், தொட்டியருகே பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்தார். மூளையில் சின்ன அடைப்பு. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கை வந்தது, கால் வந்தது, பேச்சும் வந்தது. குரல் மட்டும் பாதியாகிவிட்டது. வீட்டுக்கு வந்த மறுநாள் ஐந்தரைக்கு ஜன்னலைத் திறந்தார். விளிம்பைப் பிடித்தார். பதினோரு பேரையும் சொன்னார். தையல்காரி குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றார். அத்தோடு நின்றுவிட்டார்.

அடுத்து யார் என்று தெரியவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் குழந்தை பிறந்த இடத்திலேயே வண்டி நின்றது. மகள் வந்து பார்த்தபோது மணி ஒன்பது, அடுப்பு பற்றவில்லை, அக்கா ஜன்னலடியில் நின்றுகொண்டிருந்தார்.

"மிச்ச ஆளுங்களக் காணோம்டி" என்றார். "நூத்தம்பது பேரு. என்னை நம்பி விட்டுட்டுப் போனவங்க."

"எல்லாரும் நல்லா இருக்கணும்னு ஒரே வரியில சொல்லிடும்மா. கடவுளுக்குத் தெரியாதா?"

"கல்யாணத்துக்கு எல்லாரும் வாங்கன்னு தெருவுல நின்னு கத்தினா எவன் வருவான்? பேரச் சொல்லிக் கூப்பிட வேண்டாமா?"

டீச்சர் ஆயிற்றே, மகள் ஒழுங்குமுறையாகக் காரியத்தில் இறங்கினாள். நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் யார் யார் என்னென்ன கேட்டிருந்தீர்கள் என்று விசாரித்தாள். கண்டக்டருக்கு இப்போது எண்பத்தொன்று.

"என் காலா? என் காலுக்கு என்னம்மா?" என்று குனிந்து இரண்டையும் பார்த்துக்கொண்டார்.

பாங்க் மேனேஜரோ, தான் பிறந்தது குறித்து இத்தனை காலம் நடவடிக்கை நிலுவையில் இருந்ததை அறியவே இல்லை. ஜன்னலில் வந்து கேட்டவர்கள் கேட்டதோடு மறந்துவிட்டார்கள். பாதிப் பேர் உயிரோடும் இல்லை. இருந்தவர்கள் இதுதான் சமயமென்று புதிதாக இரண்டு இரண்டு கேட்டனுப்பினார்கள். நோட்டு நிறைந்தது, பட்டியல் கிடைக்கவில்லை.

அக்கா சாப்பாட்டைக் குறைத்தார். யாராவது தும்மினாலும் "நான் விட்டதுனாலதான்" என்றார். அந்த வாரம் ரொட்டிக்கடைக்காரரின் மனைவிக்கு இரண்டு நாள் தூக்கம் வராமல் போக, அதற்கும் பொறுப்பேற்றுக்கொண்டார். டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார். டாக்டர் தூங்க வேண்டும் என்பதும் மறந்துபோன பட்டியலில்தான் இருந்தது.

ஏழாவது நாள் காலை. ஜன்னல் திறந்தது. பதினோரு பேர் முடிந்தார்கள். தையல்காரி குழந்தை பிறந்தது. தொட்டியில் குழாய் ஒரு சொட்டு விட்டது. இன்னொரு சொட்டு.

"தபால்காரர் மகனுக்குக் கணக்கு" என்றது படுக்கையறை.

அக்கா திரும்பவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

"தபால்காரர் மகனுக்குக் கணக்கு ஏறணும்" என்றார்.

"ரொட்டிக்கடைக்காரர் வீட்டம்மாவுக்குத் தூக்கம்."

"தூக்கம் வரணும்."

"கண்டக்டர் கால்."

"கண்டக்டர் வலது கால்…"

"இடது."

"இடது கால் ஆறணும்."

ஐம்பத்தெட்டு வருஷம் பஞ்சு வைத்திருந்த காது அது. நூற்று அறுபத்து மூன்று பேரையும் வந்த வரிசையில், கேட்ட வார்த்தையில், ஒரு பல்சக்கரம்கூட இடம் மாறாமல் எடுத்துக் கொடுத்தது. நாற்பதாவது ஆளுக்கு அக்காவின் குரல் கட்டிலுக்கு எட்டாமல் போக, கடிகாரக்காரர் எழுந்து கதவுவரை வந்தார். எழுபதில் சமையலறைக்குள் வந்தார். நிமோனியா வருஷத்து ஒன்பது பேர் வந்தபோது தொட்டிக்குப் பக்கத்தில், அக்காவின் தோளுக்கருகே, வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றார். டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் தச்சரிடம் வந்ததும் நின்று செருமிக்கொண்டார். சளி என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

முடிந்தபோது வெளியே முதல் பஸ் போய், இரண்டாவதும் போயிருந்தது.

"யாராவது விட்டுப்போச்சா?" என்றார் அக்கா.

"ஒரு ஆள் பாக்கி."

"யாரு?"

"கடிகாரக்காரன்."

அக்கா இப்போதுதான் கண்ணைத் திறந்தார். "அவர்தான் வேணாம்னாரே."

"இப்ப வேணுங்கறாரு."

"என்ன வேணுமாம்?"

கடிகாரக்காரர் ஜன்னலுக்கு வெளியே சந்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "காது. உன் குரலும் கொறஞ்சுபோச்சு. இதுவும் போயிடுச்சுன்னா நீ எங்க நிக்கிறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நூத்து அறுபத்து மூணு பேரு கதி என்ன ஆகறது?"

"எந்தக் காது? சரியாச் சொல்லுங்க."

"வலது."

"ரெண்டுக்கும் கேக்கறேனே."

"வேணாம். ஒண்ணு போதும். ரொம்பப் பேராசைப்பட்டாப்ல இருக்கும்."

"ஒரு தடவை ஏறினா இறங்க முடியாதுங்க. அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது."

"ஏறத்தான சொல்றேன். ஏத்து."

அக்கா மறுபடி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை ஒரு கையால்தான். மற்ற கை, பக்கத்தில் இருந்த சட்டைக் கையைப் பிடித்திருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு…" என்று தொடங்கி நிறுத்தினார். மறந்துபோகவில்லை. ஐம்பத்தெட்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தை, வாயில் கொஞ்சம் புதிதாக இருந்தது.

"வலது காது" என்று எடுத்துக் கொடுத்தார் கடிகாரக்காரர்.

"தெரியும், சும்மா இருங்க" என்றார் அக்கா.