குப்பைமேனி போட்ட வளையம்

கிருமியைக் கொல்கிற தொழிலில் பாதி நேரம் அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதிலேயே போய்விடும். வெள்ளைக் கோட்டு மாட்டியவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். சிரங்குக்கு அரைத்துப் பூசுகிற குப்பைமேனி, சீழ் வைக்கும் கிருமியைக் கொல்லுமா என்பது என் ப்ராஜெக்ட். கொல்லாவிட்டால் வேறு செடி, இன்னொரு வருஷம். ஹெப்பாளில் ஃபேக்டரி வேலை பார்த்த அப்பா அதற்கு ஒப்பமாட்டார். மாப்பிள்ளை பேச்சை எடுத்துவிடுவார்.

மொட்டை மாடியில்

செடிகளை வேரோடு பிடுங்கி ஹாஸ்டல் மாடியில் நிழலில் உலர்த்தினேன். அந்த வேருக்குப் பூனைகள் கிறங்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் அந்த வட்டாரத்துப் பூனைகளெல்லாம் என் ப்ராஜெக்ட் மேல் புரண்டுகொண்டிருந்தன. பூனையை விரட்டுவது நிர்வாகத்தின் கடமை என்று வார்டன் மேரி ஆன்ட்டியிடம் வாதாடினேன். அவர் சொன்னது:

“கிருமி சாகறப்ப சாகட்டும் கண்ணு, இப்ப என் பால் பாத்திரத்தைக்கூட இதுங்க திரும்பிப் பாக்க மாட்டேங்குது.”

முதல் தட்டு

இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் தோய்த்த காகித வில்லையைக் கிருமி பூசிய தட்டில் வைப்போம். கிருமி செத்த இடம் கண்ணாடிபோலத் தெளிந்து வளையமாகும். என் வளையம் எட்டணா அகலத்துக்கு வந்தது. எங்கள் கைடு மேடம் கன்னடக்காரர். என்னைத் திட்ட மட்டும் தமிழுக்கு வருவார். வெறும் ஸ்பிரிட் தோய்த்த வில்லை எங்கே என்றார். இவ்வளவு பெரிய வளையத்துக்கு அது எதற்கு என்று கேட்டேன், எல்லார் முன்னாலும். வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். அதே எட்டணா.

“நல்லா கொல்லுதும்மா, உன் ஸ்பிரிட்.”

உலர்த்தும் நேரம்

வில்லையை ஈரத்தோடு வைத்ததுதான் தப்பு. இந்த முறை ஸ்பிரிட் வாசனை துளியும் இல்லாமல் போகும்வரை உலரவிட்டேன். அதுவரை சும்மா இருக்க முடியாமல், மேடம் பேசியது அநியாயம் என்று கூடப் படித்த ஹனூர்க்காரி சுமதியிடம் பொரிந்தேன்.

“வில்லைக்குப் பக்கத்துல போயி நின்னு பேசு புள்ள, சீக்கிரம் காஞ்சிரும்.”

இரண்டாம் தட்டு

காலையில் இன்குபேட்டரைத் திறந்தேன். ஸ்பிரிட் வில்லையை ஒட்டிக் கிருமி ஆடைபோலப் படர்ந்திருந்தது. குப்பைமேனி வில்லையைச் சுற்றி மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு தெளிவு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அத்தனை லட்சம் உயிர்களும் ஒரு கோட்டில் வந்து நின்றுவிட்டன. குப்பைமேட்டில் நாம் மிதித்துப் போகிற இலை போட்ட கோடு. தட்டை மேடத்திடம் கொண்டுபோய் நீட்டினேன். மேடம் வாங்கி வெகுநேரம் பார்த்தார், கீழே வைத்தார்.

“நாளைக்கும் இதே வந்தாத்தான் நம்புவேன், இப்ப அந்தத் தட்டைக் குடு, இன்னொரு தடவை பாக்கறேன்.”

வாயால் நான் ஜெயித்த சண்டைகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த நகக்கண் வளையத்துக்கு ஈடாகாது என்பதை, யாரும் என்னோடு வாதாடாமலே நான் ஒப்புக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.