ஓவிடியோவின் உலை, தெல்ஃபினாவின் இடுப்பு

எதைச் சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்வது ஓவிடியோ லெதெஸ்மாவின் வழக்கம். "வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா" என்று மனைவி சொன்னால், "வரும்போது ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. அவள் "சரி" என்று சொல்லும்வரை வாசலிலேயே நிற்பார். தெல்ஃபினா அடுப்படியிலிருந்து, "சரி, சரி, சரி! போய்த் தொலை கெழவா!" என்று கத்தினால்தான் கால் நகரும். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதை முழுசாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, அவர் "சரி" சொல்வதற்காகக் காத்து நின்றார் என்று தெல்ஃபினா ஊரெல்லாம் சொல்வாள். அது அவள் கட்டிவிட்ட கதை. கல்யாணத்தின்போது அவர் அணு உலையில் வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை.

பழக்கம் உலையில் தொற்றியதுதான். கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் தலைவர், "இரண்டாம் தண்டைக் கொஞ்சம் தூக்கு" என்றால், மேசையில் இருப்பவர் அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலைவர் "சரி" என்ற பிறகுதான் கை பொத்தானுக்குப் போகலாம். கேட்பதற்குப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். ஆனால் அங்கே ஒரு வார்த்தையைத் தப்பாக வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

என் பெயர் நெலி. அதே கட்டடத்தின் வாசலில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு என் பொறுப்பு. கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் ஒரு கருவி நிற்கிறது. வேலை முடிந்து வருகிறவர்கள் அதில் கையையும் காலையும் வைக்க வேண்டும். உடம்பில் எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் பச்சை, கதவு திறக்கும். சிவப்பு என்றால் இயக்குநரே ஆனாலும் உள்ளேதான். மனிதர்கள் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள், கருவி சொல்லாது என்பது என் கட்சி. இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. இருந்த கொஞ்சம் பேரில் ஓவிடியோவும் தெல்ஃபினாவும் அடக்கம்.

அவர் சந்தியாகோ தெல் எஸ்தெரோவின் வறண்ட பக்கத்திலிருந்து ரயிலேறி புவெனஸ் அயர்ஸ் வந்தவர். முதலில் கட்டட வேலை. பிறகு எங்கள் உலையில் பம்பு பழுதுபார்க்கிற வேலை. ஒரு நாள் பம்பில் ஏதோ கோளாறு என்று, உலை மூழ்கியிருக்கும் குளத்தின் மேல்தளத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். உலை ஓடிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தவர், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினாராம்.

அதை நானும் பார்த்திருக்கிறேன். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. ஆழமான குளம். தண்ணீர் அவ்வளவு தெளிவு, இருப்பதே தெரியாது. அடியில், யுரேனியம் தகடுகளைச் சுற்றி, ஒரு நீலம். காஸ் அடுப்பின் நீலம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது அசையாது, சத்தம் போடாது. சும்மா இருக்கிறது. அதன் ஓரத்தில் சிலிக்கான் உருளைகளை இறக்கி மெதுவாகச் சுழற்றுவார்கள். கோடிக்கணக்கான சிலிக்கான் அணுக்களுக்கு நடுவே எங்கோ ஒன்று நியூட்ரானை விழுங்கி பாஸ்பரஸாக மாறும். அந்தக் கொஞ்சம் போதும், மின்சார ரயிலை ஓட்டும் அரைக்கடத்தியாகிவிடும். ஒரு பொருள் இன்னொரு பொருளாகிறது, யாரும் தொடவில்லை, ஒரு சத்தமில்லை. இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது? ஓவிடியோ சொன்னதே இல்லை. படித்தார், பரீட்சையில் தோற்றார், மறுபடி தோற்றார், மூன்றாவதில் தேறினார். கடைசியில் ஷிப்ட் தலைவரானார்.

எங்கள் உலை மின்சாரம் தயாரிப்பதில்லை. ஆராய்ச்சி உலை. தெல்ஃபினாவுக்கு இது தீராத வேடிக்கை. "முப்பது வருஷமா தண்ணிய சுட வைக்கிறான். ஒரு கோப்பை மாத்தே டீ போட வெந்நீர் கொண்டாடான்னா, வெதுவெதுன்னுதான் இருக்காம்!" என்று விருந்தில் எல்லோர் முன்னாலும் வாருவாள். அவள் பள்ளிக்கூடச் சமையல்காரி. அவள் கணக்கில் சுட வைத்த தண்ணீரில் ஏதாவது வெந்தாக வேண்டும்.

வெந்துகொண்டுதான் இருந்தது. குளத்தில் சில தகடுகளை நாள்கணக்கில் ஊற வைத்து எடுத்தால் அதிலிருந்து மாலிப்டினம் கிடைக்கும். அதை ஈயக் குடுவையில் அடைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறோம். குடுவைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் மாடு. மாலிப்டினம் தானாகச் சிதைந்து டெக்னீசியமாகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் தினம் காலையில் அதைக் 'கறந்து' நோயாளியின் நரம்பில் ஏற்றுவார்கள். அது எலும்பில் போய் உட்கார்ந்து உள்ளிருந்தே ஒளிவிடும். கேமரா அதைப் படமெடுக்கும். ஆனால் மாடு சீக்கிரம் வற்றிவிடும். சேர்த்து வைக்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு வாரமும் நாங்கள் புது மாடு அனுப்பியாக வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் தெல்ஃபினாவின் மார்பில் கட்டியை எடுத்திருந்தார்கள். இது நடந்த இலையுதிர் காலத்தில் அவளுக்கு இடுப்பு வலி வந்தது. பாத்திரத்தை இறக்கும்போது பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பரவியிருந்தால் ஒரு வைத்தியம், இல்லையென்றால் வைத்தியமே வேண்டாம். வெள்ளிக்கிழமை படம் எடுப்பதாக முடிவானது. ஆஸ்பத்திரியில் பழைய மாடு வற்றிவிட்டது. எங்கள் குளத்தில் ஊறிக்கொண்டிருந்த தகடுகளிலிருந்துதான் அவளுக்கு மருந்து வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரம் தாண்டி உலை நின்றது.

தானாக நின்றது. உலையைக் கவனிக்க மூன்று அளவிகள் உண்டு. இரண்டு 'ஆபத்து' என்றால் உலை நிற்கும். அன்று ஒன்று பரிசோதனையில் இருந்தது, அதுவும் 'ஆபத்து' சொன்ன மாதிரிதான் கணக்கு. மிச்சம் இரண்டில் ஏதோ ஒன்று 'ஆபத்து' என்றது, உலையை அணைக்கும் தண்டுகள் எல்லாம் உள்ளே விழுந்துவிட்டன. அளவு பார்க்க என்னையும் மேலே கூப்பிட்டார்கள். கதிர்வீச்சு எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது.

உலை நின்றால் உள்ளே செனான் என்று ஒரு வாயு சேரும். நியூட்ரானைத் தின்கிற வாயு. அரை மணிக்குள் மறுபடி ஏற்றிவிட்டால் தப்பிக்கலாம். விட்டால் எவ்வளவு தண்டு தூக்கினாலும் உலை பிடிக்காது, ஒன்றரை நாள் காத்திருக்க வேண்டும். ஒன்றரை நாள் போனால் மாடு நேரத்துக்குப் போகாது. அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். வெள்ளிக்கிழமை யாருக்குப் படம் என்பதும் தெரியும்.

எலக்ட்ரானிக்ஸ் பார்க்கும் சிச்சே பர்ராசா, ஓவிடியோவின் பழைய சிநேகிதன், பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்துவிட்டு வியர்த்து விறுவிறுத்து வந்தான்.

"யோவ், இது பொய் சிக்னல்தான்யா. ஏத்து."

"எதனால பொய்?"

"அது தெரியல. ஆனா பொய். இத்தன வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"காரணம் தெரியாம ஏத்தக் கூடாது."

"தெல்ஃபினாவ நெனச்சுப் பாருயா!"

ஓவிடியோ சுவரிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவள நெனச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்" என்றார்.

எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, ஏத்தித் தொலைங்களேன் என்று. விதி என்றால் விதி என்று ஊரை மிரட்டுகிறவள் நான். அன்று எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். முள் நகர்ந்தது. அரை மணி தாண்டியது. மேசையில் இருந்தவர் மெதுவாக, "நேரம் முடிஞ்சுது" என்றார். "நேரம் முடிஞ்சுது" என்று ஓவிடியோ திருப்பிச் சொன்னார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. சிச்சே கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

போனவன் கொஞ்ச நேரத்தில் கூப்பாடு போட்டான். ஓடினோம்.

கட்டுப்பாட்டு அறையில் தின்னவும் குடிக்கவும் கூடாது. அதனால் எல்லோரும் மாத்தே பையை, பிளாஸ்க்கோடு, நடைபாதைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அன்று பயிற்சிக்குப் புது ஆட்கள் வந்ததில் கொக்கி எல்லாம் நிறைந்துவிட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த சிச்சே தன் தோல் பையைக் கருவி அறைக்குள், பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு கம்பியில் மாட்டியிருக்கிறான். அது கம்பி இல்லை, அளவியின் கேபிளைத் தாங்கும் பிடி. பையை எடுத்தால் சிவப்பு விளக்கு அணைகிறது. மாட்டினால் எரிகிறது. நாங்கள் போனபோது அவன் எடுப்பதும் மாட்டுவதுமாக நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

ஓவிடியோ பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "காரணம் கெடச்சிருச்சு" என்றார், அவ்வளவுதான். ஒரு வசவு வரவில்லை. அதற்குப் பதில் சிச்சேவை அடித்தே இருக்கலாம்.

ஆஸ்பத்திரி தெல்ஃபினாவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டது. அன்று வீட்டில் நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தாராம், தான்தான் ஏற்றவில்லை என்பது உட்பட. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாளாம்.

"என் எலும்பவிட உனக்கு அந்தக் குளம் பெருசா?"

"இல்ல."

"அப்புறம்?"

"காரணம் தெரியல. தெரியாம எப்படி ஏத்துறது?"

"இப்பத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. சிச்சேவோட மாத்தே பை."

அவள் சிரிக்க ஆரம்பித்தாளாம். வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். "மாத்தே பை! நான் சாவேனா இருப்பேனான்னு தெரியாம நிக்க வெச்சது ஒரு மாத்தே பை!" பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட்டது. அவர் பக்கத்தில் போய் நின்றார். அவள் விலகவில்லை.

அந்த ஒரு வாரம் மனிதர் பாதியாகிவிட்டார். அவள் படியேறும்போதெல்லாம் பின்னால் நின்று இடுப்பையே பார்ப்பாராம். "பாத்தே ஓட்டை போட்டுருவ போலிருக்கே" என்று அவள் திட்டுவாளாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் காலை ஷிப்ட். அவள் ஆஸ்பத்திரிக்குத் தங்கையோடு போயிருந்தாள். மதியம் ஷிப்ட் முடிந்து ஓவிடியோ கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் வந்து கருவியில் கையையும் காலையும் வைத்தார். சிவப்பு. மறுபடி வைத்தார். சிவப்பு. அவர் உடம்பில் ஒன்றும் இருப்பதாகச் சொல்லவில்லை. 'பின்னணி அதிகம், அளக்க முடியாது' என்றது. எங்கிருந்தோ கதிர்வீச்சு வருகிறது, அதை நிறுத்து, பிறகுதான் அளப்பேன் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் கருவியை நானே சந்தேகப்பட்டு, இரண்டு தட்டு தட்டினேன்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால், வெளிப்பக்கக் கண்ணாடியை ஒட்டி, தெல்ஃபினா நின்றுகொண்டிருந்தாள். கையில் பெரிய உறை.

மேஜையிலிருந்து கைக்கருவியை எடுத்தேன். எங்கள் மாடி ஆய்வகத்தில் செய்தது. உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு அரைக்கடத்தித் துண்டு இருக்கிறது. எந்த அணுவிலிருந்து வருகிறது என்று பெயரே சொல்லிவிடும். அவள் பக்கம் நீட்டினேன். எண் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

"என்னடி, துப்பாக்கி மாதிரி நீட்டுற?" என்றாள், வாசல் ஒலிபெருக்கி வழியாக.

"தெல்ஃபினா, நீதாண்டி காரணம். உன்னாலதான் அவரால வெளிய வர முடியல."

"இதத்தான் முப்பது வருஷமா அவனும் சொல்றான்" என்றாள்.

திரையில் பெயர் வந்தது. டெக்னீசியம். கருவியைத் திருப்பி ஓவிடியோவுக்குக் காட்டினேன். அவர் படித்தார். படித்துவிட்டு அவளைப் பார்த்தார். போன வாரம் அந்த நீலத்துக்குள் கிடந்தது, இன்று அவளுடைய எலும்புக்குள் உட்கார்ந்துகொண்டு, கம்பளிச் சட்டையைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி அவர்மேல் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதைப் பார்க்க முடியாது. ஆனால் அது அங்கே இருந்தது, ஒளி. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"நம்ம மாடு" என்றார் ஒலிபெருக்கியில்.

தெல்ஃபினா உறையிலிருந்து படத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். அவளுடைய முழு எலும்புக்கூடு. ஓவிடியோவின் கண் நேராக இடுப்புக்குப் போனது. அங்கே கறுப்பாக ஒரு திட்டு. அவர் முகம் வெளுத்தது.

"அது மூட்டு வாதம்டா கெழவா. வயசான இடுப்பு. டாக்டர் பாத்துட்டாரு. ஒரு எலும்புலயும் பரவல."

அவர் படத்தையே பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே நின்றார்.

தெல்ஃபினா கண்ணாடியைத் தட்டினாள். "திருப்பிச் சொல்லுயா!"

"ஒரு எலும்புலயும் பரவல" என்றார்.

சொல்லிவிட்டு, வழக்கம்போலக் காத்து நின்றார். அவள் இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது தடவைதான், "சரி" என்று வந்தது.

பிறகு, தான் அங்கே நிற்கும்வரை கதவு திறக்காது என்று புரிந்து, படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர்மேலிருந்து கண்ணை எடுக்காமல், நொண்டி நொண்டி, வாசலுக்கு எதிரே இருந்த யூக்கலிப்டஸ் மரங்கள்வரை பின்னோக்கியே நடந்து போனாள். ஓவிடியோ கையைக் கருவியில் வைத்தார். பச்சை விழுந்தது.