சண்முகலிங்கத்தாரின் காது

"இன்னும் நூறு வருசம் போனாலும் என்ட வீட்டுக்குள்ளை நொஸ்க் நுழையாது," என்று 2006 பொங்கல் விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்து முழங்கியவர், நோர்வேயில் புருசெத் என்ற இடத்தில் குடியிருந்த சண்முகலிங்கம். சபை கைதட்டியது. பின்வரிசைப் பிள்ளைகள் அதே நோர்வே மொழியில் குசுகுசுத்துச் சிரித்தார்கள்.

அன்னாரின் மொழிக்கொள்கை எளியது: வீட்டில் யார் நொஸ்க் பேசினாலும் அவருக்குக் காது கேட்காது. பதினாறு வயது மகள் ராகவி ஒருநாள் பள்ளிக்கூடத்துக் கவலை ஒன்றைத் தமிழில் சொல்லத் தொடங்கி, சொல் வராமல் நொஸ்குக்குத் தாவினாள். தகப்பன் அக்கணமே செவிடரானார். அதன்பின் அவள் வீட்டில் வாய் திறப்பதில்லை. அதை அடக்கம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"செத்த வீடு மாதிரிக் கிடக்குதப்பா," என்றாள் மனைவி சிறிதேவி. அது தமிழ்தான், அதுவும் கேட்கவில்லை.

இந்நிலையில் அவர் வேலைசெய்த ஹோட்டல் சலவைப் பகுதிக்கு ரெமி முத்துசாமி என்ற இளைஞர் வந்தார். பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்காரர். பெயரைக் கேட்டு உருகிய சண்முகலிங்கம் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

வந்தவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் சாமிப்படத்தைக் கண்டதும் கைகூப்பி, மாரியம்மன் பாட்டொன்றைப் பிசகாமல் பாடி முடித்தார்.

"இதுக்கு என்ன கருத்து, தம்பி?"

ரெமி அரைகுறை நொஸ்கில் விளக்கினார். கொள்கைப்படி காது கேட்கவில்லை. ராகவிதான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"கருத்து தெரியாதாம். கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஆக்களின்ட பரம்பரையாம். அங்கை கனபேருக்குத் தமிழ்ப் பேர்தானாம். கதைக்கிறது பிரெஞ்சும் கிரியோலும்."

"அப்ப தமிழை விட்டது ஆர்? கேள்."

கேட்டாள். ரெமி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வீட்டிலை பூட்டனுக்குத்தான் கடைசியாத் தமிழ் தெரியுமாம். பிள்ளையள் கிரியோலிலை கதைச்சால் மறுமொழி சொல்லமாட்டாராம். பிறகு ஒருத்தரும் அவரோடை கதைக்கேல்லையாம். கதவுக்கு அங்காலை தனியக் கதைச்சுக்கொண்டு இருப்பாராம்."

"என்ன கதைச்சவராம்?"

"அது ஆருக்கும் விளங்கேல்லையாம், அப்பா."

அன்றிலிருந்து சண்முகலிங்கத்தாரைப் பிடித்தது பேய். சலவை இயந்திரத்தின் இரைச்சலுக்குள், லிப்டுக்குள், சுரங்க ரயிலின் இருட்டுக்குள் ஒரு கிழவன் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தான். தீவுக்காரன் ஆயிற்றே என்று பார்த்தால், பேசியது சுத்த யாழ்ப்பாணத் தமிழ். குரலோ சண்முகலிங்கத்தின் சொந்தக் குரல். கொள்கைச் செவிடருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஒரு சனிக்கிழமை மகளின் அறைக்குள் அழுகைச் சத்தம். தட்டினார். "என்னை விடுங்கோ" என்று உள்ளேயிருந்து நொஸ்கில் பதில் வந்தது.

கேட்டது.

கதவோரம் தரையில் இருந்தார். பிறகு, "என்ன நடந்தது, அம்மா? உனக்கு வாற மாதிரிச் சொல்லு," என்று மெதுவாகக் கேட்டார். இலக்கணம் கேவலம், உச்சரிப்பு அதைவிட மோசம். ஆனால் அது நொஸ்க்தான்.