அம்மாவின் சிவப்பு முடிச்சு

மண்ணெண்ணெயும் கஞ்சிப்பசையும் கலந்ததுபோல இருக்கும் புதுக் குடைத்துணியின் வாடை எங்காவது வந்தால், எனக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் ஜூன் மாதம் தொடங்கும் இடவப்பாதி மழைதான் ஞாபகம் வரும். எழுபதுகளின் கடைசியில் அம்மா, பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் குடைக் கம்பெனியில் துணி தைத்தாள். அங்கே தைக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் குடையின் உள்ளுச்சியில் தனக்கென ஒரு நிற நூலில் முடிச்சுப் போடுவார்கள், அம்மாவுடையது சிவப்பு. தையல் விட்டால், முடிச்சின் நிறத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கடைக்குப் போகாமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, உங்க குடை 'சோருது', ஒழுகி உள்ளேயும் மழை" என்று கேலி பேசுவார்கள். அம்மா ஊசியை எடுத்து நின்ற நிலையிலேயே தைத்துக் கொடுப்பாள்.

ஓர் ஆண்டு, கப்பல் வழியாக வந்த வெளிநாட்டு மடக்குக் குடைகள் நடைபாதையில் குவிந்தன. விலையும் குறைவு, பொத்தானை அழுத்தினால் பட்டென்று விரியவும் செய்யும். இந்த மழைக்குச் சரக்கு போகாவிட்டால் தையல் மேசைகளை எடுத்துவிடுவேன் என்று கம்பெனி முதலாளி சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து, அரிசிப் பண்டகசாலையில் மூட்டை தூக்கும் அப்பா, நான் பள்ளிக்கூடம் கொண்டுபோக அந்த மடக்குக் குடையில் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அதை விரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு நான் கதவோரம் நின்றேன்.

"நனையாமப் போகத்தானே குடை? யாரு தைச்சா என்ன?" என்றார் அப்பா.

அம்மா மீன் கழுவிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "உங்க கூலியாலதான் அரிசி விலை ஏறுதுன்னு பண்டகசாலைக்காரர் மலிவா வெளியாளைக் கொண்டுவரப் பார்த்தப்ப ஏன் கொடி பிடிச்சீங்க? மூட்டை உள்ள போகத்தானே கூலி, யாரு தூக்குனா என்ன?"

அப்பா சாயாவைக் குடித்து முடித்தார். பிறகு, "உன்னை எங்க சங்கத்துல சேர்க்காம விட்டது தப்பாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, குடையைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். அப்பா சங்கத்தில் பேசியதில், பள்ளி திறப்பதற்குள் அவரோடு மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள் எல்லோர் கையிலும் கம்பெனிக் குடை இருந்தது. விலை கூடுதல் என்று முணுமுணுத்தவர்களும் வாங்கினார்கள். தையல் மேசைகள் தப்பின. அம்மாவின் கூலியில்தான் நான் பத்தாவது வரை படித்தேன்.

கூலிக்காரர் வீட்டில் கூடுதல் விலை வலிக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூடுதல் காசு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அது எங்கள் தெருவின் மளிகைக் கடையிலும் மீன்காரியின் கூடையிலும்தான் சுற்றியது. அதனால் அது கொடுக்கத் தகுந்த விலை என்றே இன்றும் சொல்வேன்.

இப்போது கம்பெனி இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகள் காப்பி குடிக்கிறார்கள். வல்லார்பாடம் துறைமுகத்தில் இறங்கும் கப்பல் பெட்டிகளில் உலகத்துச் சாமான் எல்லாம் வருகிறது. போன மழைக்கு மருமகள் மலிவாக வாங்கி வந்த குடை இரண்டே நாளில் சோர்ந்தது. நான் அதன் உள்ளுச்சியை விரலால் தடவிப் பார்த்தேன். முடிச்சு எதுவும் இல்லை. யார் வாசலில் போய்க் கேலி பேசுவது?