பட்டறைக்குப் போய் வந்த காலணா

பதினோரு வயதில் நான் முதன்முதலாக வாங்கிய பழங்காசு, பழங்காசே இல்லை. தேர்த்திருவிழாவில் நடைபாதையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்த ஒருவர் ஒரு செப்புக்காசைக் காட்டினார். ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் வெள்ளைக்காரக் கம்பெனியின் முத்திரை. இருநூறு வருஷத்துக் காசு, வீட்டில் வைத்தால் லட்சுமி தங்குவாள் என்றார். விருந்தாளிகள் ஊருக்குப் போகும்போது கையில் திணித்துவிட்டுப் போன பணத்தையெல்லாம் அவரிடம் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்படி ஒரு காசைக் கம்பெனிக்காரன் அடித்ததே இல்லை என்பதும், எங்கோ பட்டறையில் ஊற்றி மூட்டை மூட்டையாக விற்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அனுமார் எதில் இருந்தாலும் அனுமார்தானே என்று சாமி அலமாரியில் வைத்துவிட்டாள். லட்சுமியை அழைத்துவரும் வேலையை அவர் இன்னும் தொடங்கவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். நான் அடுப்பங்கரையிலேயே குடியேறினேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காசும் தபால்தலையும் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். ஒருவரையொருவர் ஏமாற்றாமல் விற்று வாங்கிக்கொள்வதாகப் பெயர். அம்மா என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், வாசல் பக்கம் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்துவிடுவாள். நான் மேசை மேசையாகப் போய் நிற்பேன். வாங்க மாட்டேன். பெரியவர்கள் பேரம் பேசுவதையும் சண்டை போடுவதையும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

கேட்டுக் கேட்டே எனக்கென்று ஒரு சாஸ்திரம் சேர்ந்துவிட்டது. காசின் விளிம்பைப் பார்க்க வேண்டும். அதில் சுற்றிலும் மெல்லிய கோடு ஓடினால் அது அச்சில் அடித்ததல்ல, ஊற்றியது. பழங்காசு புதுத் தட்டுபோல மின்னினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட வேண்டும். தேய்ந்த காசு பத்து வாங்குவதைவிட முகம் தெளிவாக உள்ள காசு ஒன்று வாங்கினால் போதும். அடுத்த மாதமும் இதே மேசைக்கு வரப்போகிறவரிடம்தான் வாங்க வேண்டும். இத்தனைக்கும் மேலே ஒரு விதி இருந்தது: ஆசைப்பட்ட அன்றைக்கே பேரத்தை முடிக்கக் கூடாது. அனுமார் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. அதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மண்டபத்தில் எனக்குப் பிடித்த மேசை ஒரு பாக்கு வியாபாரியுடையது. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருந்தார். காசு அவருக்குப் பைத்தியம், பாக்கு பிழைப்பு. ஒரு தட்டில் மங்கிய செப்புக்காசுகளைக் குவித்து வைத்து, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று விட்டிருந்தார். அந்தக் குவியலைப் பல மாதம் கிளறி, விக்டோரியா ராணி தலை போட்ட ஒரு காலணாவை வாங்கினேன். காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. ஆனால் ராணியின் தலைமுடியில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. யார் வீட்டுப் பெட்டிக்குள்ளேயோ, யார் கையிலும் படாமல் இத்தனை காலம் கிடந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அதை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் நிமிரவே இல்லை.

"அம்மணி, இத என்ற தட்டுல இருந்தா எடுத்தே?"

"ஆமாங்க."

"இத வெச்சுக்கிட்டு நான் பாக்கையே பாத்துட்டு இருந்திருக்கறன் பாரு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஜார்ஜ் மன்னர் தலை போட்டது. குளிர்ந்து, கனமாக இருந்தது. காலணாவைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டு போ என்றார்.

வெள்ளி ரூபாய்க்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஆனாலும் சாஸ்திரம் சாஸ்திரம்தானே. ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த மாசம் வந்து சொல்றனுங்க என்றேன். அவர் சிரித்துவிட்டு, இந்த மேசையில் இத்தனை நிதானமாகப் பேரம் பேசிய ஆள் நீதான் என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பாவுக்கு இந்த உலகம் எதுவும் தெரியாது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பஃபிங் பட்டறையில் வேலை பார்த்தார். வார்ப்படத்திலிருந்து சொரசொரப்பாக வரும் குழாய்த் தலைகளும் பித்தளைச் சாமான்களும் அங்கே சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேறிக் கண்ணாடி மாதிரி வெளியே போகும். அவற்றின் கருப்பெல்லாம் அப்பாவின் காது மடலுக்கும் இமைக்கும் நகக்கண்ணுக்கும் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை என்பதால் அவர் மண்டபத்துக்கு வந்ததில்லை. காலணாவுக்கு வெள்ளி ரூபாய் தருகிறார்கள் என்று நான் சொன்னதும் அவரால் நம்ப முடியவில்லை. டப்பாவைத் திறந்து காட்டினேன். அந்தப் பழுப்பு நிறக் காசை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி அழுக்காக இருக்கும்போதே இவ்வளவு மதிப்பா என்று நினைத்திருப்பார் போலும்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அது தீபாவளிக்குக் குறைந்த பண்டிகை அல்ல. லேத்து முதல் அரிவாள்மனை வரை கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைக்காத இரும்பு ஊரில் இருக்காது. நான் என் புத்தகங்களோடு காலணாவையும் பூஜையில் வைக்க வேண்டும் என்றேன். பேரம் நல்லபடியாக முடிய வேண்டுமே.

"இத்தன கருப்பாவா சாமி முன்னால வெப்பாங்க? கொண்டா கண்ணு, புளி போட்டுத் தேச்சுத் தாரேன்" என்று அம்மா கையை நீட்டினாள்.

"புளியெல்லாம் போடக் கூடாதுங்கம்மா" என்று காசை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். ஏன் கூடாது என்று சொல்ல அப்போது நேரமில்லை.

அம்மா அதை அப்படியே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். உங்க புள்ளைக்குப் புளி ஆகாதாம் என்று. அப்பாவுக்கு அது மிகவும் சரியாகப் பட்டிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்த செம்பு ரெண்டு நாள் பல்லைக் காட்டும், மூன்றாம் நாள் பச்சை பூத்துப்போகும். மெருகுத் தொழில் செய்கிறவன் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கிறதே என்று பெருமைப்பட்டாராம். புளி ஆகாது என்றால் வேறு எது ஆகும் என்று அவர் யோசிக்க வேண்டியதே இல்லை. பூஜைக்காகச் சக்கரங்களை நிறுத்திக் கழுவுவதற்கு முன்னால், டப்பாவிலிருந்த காசைத் தன்னோடு பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

பூஜையன்று காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தேன். என் புத்தக அடுக்கின் மேலே வெற்றிலையில் காலணா இருந்தது. தங்கத்தில் கொஞ்சம் சிவப்புக் கலந்த மாதிரி ஜொலித்தது. குத்துவிளக்கின் சுடர் அதில் ஆடியது. ராணியின் நெற்றிக்குச் சரியாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். அவள் தலைமுடியில் ஒரு இழை இல்லை. எல்லாம் வழித்துவிட்ட வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது.

அப்பா காசைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரு, புள்ளைக்கு வாயே வரல" என்றார் அம்மாவிடம்.

சாமி முன்னால் அழுதால் ஆகாது என்று வளர்த்திருந்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் தீபம் காட்டும்வரை தொடவும் கூடாது. அன்று முழுவதும் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து மெச்சினார்கள். மெச்சினதைக் கேட்கக் கேட்க எனக்கும் ஒரு நப்பாசை வந்தது. மின்னும் காசை வாங்காதே என்பதுதான் சாஸ்திரம். விற்காதே என்று யாரும் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த மாதக் கூட்டத்துக்கு அம்மாவுக்குப் பதில் அப்பா வந்தார். காலணா வெள்ளி ரூபாய் ஆவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். பட்டறையில் பூஜைக்குக் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டிருந்தார். பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

பாக்கு வியாபாரி டப்பாவைத் திறந்தார். பூதக்கண்ணாடியைத் தேடி நீண்ட கை பாதியில் நின்றது. காசை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டுத் துணியின் மேல் மெதுவாக வைத்தார்.

"இது யாரு பண்ணுனதுங்க?"

"நானுங்க" என்று அப்பா ஒரு எட்டு முன்னால் வந்தார். "பஃபிங் பட்டறைல இருக்கறனுங்க. புதுத்துணி மாட்டி, மொரட்டு மெருகுக் கட்டி போடாம, கடைசிப் பூச்சுக் கட்டி மட்டுந்தானுங்க போட்டேன். ஒரு கீறல் இருக்காதுங்க, பாத்துக்குங்க."

வியாபாரி அப்பாவின் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த மேசைக்காரர் எட்டிப் பார்த்து 'த்சொ' என்றார்.

"வேல ரொம்பச் சுத்தமுங்க. அதுல குத்தஞ் சொல்ல முடியாது. ஆனா காசு போச்சுங்களே."

அப்பாவுக்குப் புரியவில்லை. வியாபாரி தன் காசு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "இந்தப் பழுப்பு அழுக்கில்லீங்க. காசோட தோலுங்க. இது இருந்தாத்தான் காசுக்கு மதிப்பு. சக்கரத்துல கொடுத்தா தோலும் போயிரும், முகமும் போயிரும்."

"மறுபடிக்கும் பழைய மாதிரி பண்ணிப்போடலாங்களா? எத்தன நாளு ஆனாலுஞ் சரிங்க."

"அது நம்ம கையில இல்லீங்க."

அப்பா காசை எடுக்கப் போனார். எடுக்காமல் விட்டார். "தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க" என்று அவரிடம் சொன்னார், அவருடைய காசைக் கெடுத்துவிட்ட மாதிரி.

வியாபாரி நல்ல மனுஷர். அப்பாவைத் தேற்றத்தான் அதைச் சொன்னார். "உங்களுக்கு எப்படிங்க தெரியும், விடுங்க. பாப்பாவுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே. இங்க வார பெரியவிங்களுக்கே அத்தன வெவரம் கெடையாது. அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா போதும்."

வெள்ளி ரூபாய் போன துக்கம் எனக்கு இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் துக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது. மண்டபத்தில் நாலு பேர் கேட்கும்படி, எனக்கு எல்லாம் தெரியும் என்று என் அப்பாவிடமே சொல்லிவிட்டார். வியாபாரி ஆறுதலுக்கு ஒரு பழைய நிக்கல் காசு கொடுத்தார். அதன் விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அப்பாவுக்கு என் சாஸ்திரம் முழுவதையும் எடுத்துச் சொன்னேன். விளிம்பு, பழுப்பு, காசை ஓரத்தில் பிடிக்கும் விதம், எதையும் விடவில்லை. துடியலூர் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா சன்னலோரம் உட்கார்ந்து, விரல்களை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு, சரி கண்ணு, சரி கண்ணு என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவர் கோபப்படாததும் வருத்தப்படாததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வருத்தப்படவில்லை என்றுதான் நினைத்தேன்.

அதுவரை என் சாமான் எதற்கும் அப்பா என்னைக் கேட்டதில்லை. சைக்கிள் சங்கிலி தொங்கினால் காலையில் நான் எழுந்து வருவதற்குள் இறுகியிருக்கும். டிபன் பாக்ஸ் மூடி நெளிந்தால் நிமிர்ந்திருக்கும். பையின் அறுந்த வார் கம்பி போட்டுத் தைக்கப்பட்டிருக்கும். யார் செய்தார்கள் என்று நானும் கேட்டதில்லை. வீடென்றால் அப்படித்தான் என்றிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். சைக்கிளைப் பார்க்கட்டுமா, இந்த மூடியை எடுக்கலாமா என்று. நானும் பெரிய மனது பண்ணி அனுமதி கொடுத்தேன். பெத்த புள்ளகிட்ட என்னத்துக்குங்க கேட்டுட்டு நிக்கறீங்க என்று அம்மா ஒருநாள் சடைத்துக்கொண்டாள். அதது சாமானப் பத்தி அததுக்குத்தான வெவரம் தெரியும் என்றார் அப்பா. என்னைக் கேட்க வேண்டாம் அப்பா, நீங்கள் பாட்டுக்குச் செய்யுங்கள் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றுவரை என்னை அரிப்பது வெள்ளி ரூபாய் அல்ல, அந்தச் சொல்லாத வார்த்தைதான். அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் காலையில் பள்ளிக்கூட பஸ் வரும் நேரம். என் ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தோளில் தொங்கியது. அம்மா உள்ளே அடுப்பில் இருந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். என் தலைக்குப் பக்கத்தில் வந்த கை அப்படியே நின்றது. பின்னால் இழுத்துக்கொண்டு, "நான் கட்டட்டுமா அம்மணி?" என்று கேட்டார். அவசரத்தில் தலையாட்டினேன். கட்டிவிட்டார். எங்கப்பா என்னிடம் எத்தனை மரியாதையாகப் பேசுவார் தெரியுமா என்று அன்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் பெருமையடித்துக்கொண்டே போனேன்.